நற்சான்றிதழில் இருந்தது

ஆறு வயதில் வந்த காய்ச்சலில் என் பார்வை போனது. புள்ளி எழுத்தில் படித்தேன், பரீட்சை எழுதினேன், கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையும் கிடைத்தது. ஆனால் அச்சில் இருந்ததையெல்லாம் தங்கை வாசித்துத்தான் அறிந்தேன். வெள்ளவத்தையில் ஒரே ஃபிளாட்டில் இருக்கிறோம். அவள் அலுத்துக்கொண்டதில்லை. சுருக்கிவிடுவாள், அவ்வளவுதான்.

போன வருடம் அலுவலகத் தோழி ஒருத்தி என் போனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். "தாளுக்கு நேரே பிடியுங்கோ, அதுவே வாசிக்கும். தமிழும் வாசிக்கும்" என்றாள். நான் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அலுமாரியிலிருந்து என் நற்சான்றிதழை எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது அதிபர் தந்தது. எத்தனையோ நேர்முகத் தேர்வுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அதை வாசித்துவிட்டு, "நல்லது" என்று திருப்பித் தருவார்கள்.

தாளை மேசையில் விரித்து, முழங்கையை ஊன்றிப் போனைப் பிடித்தேன். "எழுத்து எதுவும் இல்லை" என்றது. பின்பக்கத்தைக் காட்டியிருக்கிறேன். திருப்பி வைத்தேன்.

ஒரு பெண்குரல் தொடங்கியது. பள்ளிக்கூடத்தின் பெயர், முகவரி, என் பெயர். ழகரம் வந்த இடமெல்லாம் தடுக்கி விழுந்தது. பிறகு சொன்னது: "விளங்காத பிள்ளைகளுக்கு இவரே கணக்கைச் சொல்லிக்கொடுப்பார். விடுதியில் இருந்த ஏழு ஆண்டுகளும் எவரிடமும் சலுகை கேட்டதில்லை. இவரை அனுப்பிவைப்பது எமக்கு இழப்பு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாளை விரலால் தடவினேன். வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைக்குள்ளிருந்து அதிபர் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்! நான்கு தரம் கேட்டேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தங்கை வந்தாள்.

"ஏன் அக்கா அழுறாய்?"

"இதிலை இப்பிடி எழுதியிருக்கெண்டு நீ சொல்லவே இல்லையே."

"சொன்னனான்தானே, நல்ல சேர்டிபிக்கேட் எண்டு."

பிறகு தானே எடுத்து வாசித்தாள். தாளைத் திரும்ப என் கையில் வைத்தாள். "முழுசா வாசிச்சிருக்கலாம்" என்றாள் மெதுவாக.

அன்று பொழுதுபடும்வரை வீடு முழுக்க வாசித்தேன். தேயிலைப் பக்கெட், நாள்காட்டி, பற்பசைப் பெட்டி. நான் தொட்டுப் பழகிய ஒவ்வொன்றும் இத்தனை காலமும் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அது உப்புப் போத்தல் அக்கா. உப்பெண்டு உனக்குத் தெரியாதே?"

"உப்பெண்டு தெரியும். அதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியாது."

திங்கட்கிழமை வேலைக்குப் போக லிஃப்டில் ஏறினேன். பொத்தானைத் தேடிய கையில், சுவரில் ஒட்டியிருந்த தாள் ஒன்று பட்டது. போனை எடுத்து அதற்கு நேரே பிடித்தேன். கூட வந்த மேல்மாடி ஐயா, "பிள்ளை, என்ன போட்டிருக்கு? நான் கண்ணாடி கொண்டு வரேல்லை" என்றார். எனக்குப் பார்வை இல்லையென்று அவருக்குத் தெரியும். போனைக் கண்டுதான் கேட்டிருக்கிறார்.

குரல் முடியும்வரை காதில் வைத்துக் கேட்டேன்.

"நாளைக்குப் பத்து மணியிலையிருந்து பின்னேரம்வரைக்கும் தண்ணி வராதாம் ஐயா. இண்டைக்கே பிடிச்சு வைக்கட்டாம்."

"நல்லகாலம் சொன்னனீர்" என்று அவர் இறங்கிப் போனார். கண் தெரிந்த ஒருவருக்கு நான் வாசித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்கள் இரையும் காலி வீதிக்கு வந்த பிறகும் போனைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்திருந்தேன்.