முளை அடித்த கல்லுக்கு ஊர் தேடிப் போனேன்

திருச்சிக்கு வடக்கே இருக்கும் காரைக்கு, அம்மோனைட் என்ற கடல் பிராணியின் புதைபடிவம் பார்க்கப் போகிறவர்கள் நேராகத் திருச்சிக்கு பஸ் ஏறுவார்கள். 2003 மே கடைசியில் நான் கோவில்பட்டியிலிருந்து கிழக்கே நாகலாபுரம் போய்விட்டுத்தான் அங்கே போனேன். எல்லாம் ஒரு கல்லால் வந்தது.

என் மாமாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அங்கே லேபிள் பறக்காமலிருக்க வைத்திருந்த கல், நத்தை போல் சுருண்ட, பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய கிரிட்டேசியஸ் காலத்து அம்மோனைட். விலாக்கோடுகள் அத்தனை தெளிவு. வெளிவிளிம்பில் மட்டும் ஒரு துண்டு இல்லை. இன்ன இனம் என்று தீர்மானிப்பதே அந்த விளிம்புதான். நாகலாபுரத்து ஆட்டுக்காரர் கொடுத்தது என்றார் மாமா. இடுக்கில் கரிசல் மண் வேறு அப்பியிருந்ததா, எம்.எஸ்ஸி. ஜியாலஜி ஆய்வேட்டில் கிடைத்த இடம் நாகலாபுரம் என்று எழுதிவிட்டேன். பேராசிரியர் சிரிக்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் கிரிட்டேசியஸ் படிவமே கிடையாது, இரண்டு வாரத்தில் சரியான இடத்தைச் சொல்லாவிட்டால் கல்லை எடுத்துவிடு என்றார். கல்லை எடுத்தால் என் ஆய்வேட்டில் அட்டைதான் மிஞ்சும்.

காலை 6.10க்கு பஸ். எட்டயபுரம் வழியாக விளாத்திகுளத்துக்கு ஒன்பது ரூபாய், அங்கிருந்து நாகலாபுரத்துக்கு ஐந்து. 8.30க்குக் கல்லைக் கொடுத்த முத்தையா அண்ணாச்சியைப் பிடித்துவிட்டேன். மாசி பிறந்ததும் ஆடுகளை வடக்கே ஓட்டிப்போய், அறுவடையான வயல்களில் உரத்துக்காக ராத்திரி வலைக்குள் அடைத்துக் கிடை போடுகிறவர்.

“இது இங்கன உள்ளதில்ல தம்பி. இந்த மாசியில காரைக்குக் கெழக்க கிடை போட்டோம்லா, அங்கன எடுத்தது. வலைக்கு முளை அடிக்கச் சுத்தியலக் காணல. இத வச்சி ரெண்டு அடி அடிச்சேன், ஓரம் தெறிச்சிட்டு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடிக்கணக்கான வருஷம் தப்பிக் கிடந்ததை எடுத்து முளை அடித்திருக்கிறார்! தெறித்த துண்டு எங்கே என்று கேட்டேன்.

“அங்கனதாம் கிடக்கும். முளைக்குழி தெரியும்லா.”

மறுநாள் அவரும் கூடவே வந்தார். அதிகாலை 5 மணிக்குக் கோவில்பட்டியில் கிளம்பி, மதுரை, திருச்சி வழியாகச் சுமார் 275 கிலோமீட்டரில் பாடாலூர். அங்கிருந்து டவுன் பஸ். ஒரு மணிக்குக் காரையில் இறங்கினோம். மழை அறுத்துப்போட்ட செம்மஞ்சள் களிமண் சரிவுகள், அவற்றுக்கு மேலே கரிசல் வயல். என்னை ஏமாற்றிய மண் இதுதான். நான் தரையைத் துழாவினேன். அண்ணாச்சி ஓர் உடைமரத்தைப் பார்த்து நடந்து, அதிலிருந்து காலடி வைத்து எண்ணினார். நான்காவது முளைக்குழிக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு சில்லை எடுத்து நீட்டினார்.

பையிலிருந்த கல்லில் வைத்தேன். இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. விளிம்பில் ஓடும் முகடு, விலா நுனிகளில் முண்டுகள்: மார்டோனிசெராஸ் இன்ஃப்ளேட்டம் என்ற இனம். அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷத்தை எந்தப் பரீட்சையும் எனக்குக் கொடுத்ததில்லை.

போகிறவர்கள் பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். நிழல் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். எதையும் தொடுமுன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காரர் யாரையாவது கண்டால், புத்தகத்தை மூடிவிட்டு அவரிடம் கேளுங்கள்.

ஆய்வேட்டைத் திருத்தி எழுதினேன். இடம்: காரைக்குக் கிழக்கே. கண்டெடுத்தவர்: முத்தையா, கிடை ஆடு மேய்ப்பவர், நாகலாபுரம். என் பெயர் அதற்கு அடுத்த வரியில்தான். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையை இறைத்த பேராசிரியர், அந்த இடத்தில் பேனாவே வைக்கவில்லை.