வாட்சைக் கழற்றும் மனிதர்

குடும்ப வரலாறு எழுதும் அந்த மனிதர், யாராவது பேசத் தொடங்கினால் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள். வார நாட்களில் தேவிகுளம் தாலுக்கா ஆபீசில் பழைய ஆவணங்களைப் புரட்டுவார். சனிக்கிழமைகளில் எஸ்டேட் ஜனங்களுக்குக் காசு வாங்காமல் பூர்வீக ஊரைத் தேடிக் கொடுப்பார். ஞாயிறு ஓய்வு. ஓய்வென்றால் எங்கள் லயத்து வரிசை வீட்டில் அப்பாவோடு பால் விடாத கட்டன் சாயா.

என்னிடம் ஒரு 'ம்'மோடு நிறுத்திக்கொள்ளும் அப்பா, அவரிடம் மணிக்கணக்கில் பேசினார். எங்கள் எஸ்டேட்டில் சுடலைமாடனுக்குப் பீடம் போட, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண்ணை மடியில் கட்டிக்கொண்டு மலையேறியவர் என் பூட்டன் என்பதே, அந்த மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கிட்ட வாயே தொறக்காத மனுசன், ஒங்ககிட்ட மட்டும் எப்படி சார் பேசுறாரு?"

"எங்கப்பாவும் எங்கிட்டப் பேசுனதில்ல தம்பி. அதான் ஊர்ல உள்ள அப்பாமாரத் தேடித் திரியுறேன்."

அப்படியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அடுத்த ஞாயிறு, அவர் வருவதற்குள் நானே அப்பா எதிரில் உட்கார்ந்து, அவரைப் போலவே கழற்ற என் வாட்சில் கை வைத்தேன்.

அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாசலையே பார்த்தபடி, "கழட்டுறதுக்கு முன்னால மணி பாத்துச் சொல்லு. சார் வர்ற நேரமாச்சா?" என்றார்.