வலது இறக்கையில் ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு போர் விமானம் அடிபட்டது. வலது இறக்கையில் பெரிய ஓட்டை.

பயப்படாதீர்கள்... கம்ப்யூட்டரில்தான். விமானி என் வீட்டுக்காரர். யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் ஃபிட்டர். வாரத்தில் ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாவது நாள் ஆகாயத்துக்குப் போய்விடுவார். அடிபட்ட விமானத்தை ஒரு தடவையாவது பத்திரமாகத் தரையிறக்க வேண்டும் என்பது அவருடைய மூன்று மாத ஆசை.

"இங்க பாரு புள்ள, பழைய கேம்ல மேல ஒரு செவப்புக் கோடு இருக்கும். எதிரி சுடச் சுட கொறையும். கோடு முடியிற வரைக்கும் பிளேன் புதுசு மாதிரி பறக்கும். முடிஞ்சா டமார்! இது அப்படி இல்ல. குண்டு எங்க பட்டுச்சோ அங்கதான் நோகும்."

நோகும்! விமானத்துக்கு!

ரேடியேட்டரில் பட்டால் தண்ணீர் ஒழுகி, சூடு ஏறி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் எஞ்சின் இறுகி நின்றுபோகுமாம். இறக்கையில் பட்டால் அந்தப் பக்கம் சாயுமாம். சூடு காட்டும் முள் ஒரு கோடு ஏறினாலும் மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது.

நல்லது. இப்போது என் கதை.

வியாழக்கிழமை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் படியில் பாசி வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. சொன்னேனா? நானும் லேசுப்பட்டவளா... அவராகக் கேட்கட்டும் என்று முந்தானையால் மூடிக்கொண்டேன். மூன்று நாளாக இராச்சாப்பாடு கடைப் பாண் ரொட்டிதான். மழைக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று நினைத்தாராம்!

ஆனால் திங்கட்கிழமை இந்தப் பத்தி பத்திரிகைக்குப் போயாக வேண்டும். பேனாவைப் பிடித்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது. இனி எழுதவே முடியாதோ என்று உள்ளுக்குள் பயந்துபோய்த்தான் இருந்தேன்.

அந்தக் கோலத்தில்தான் தேத்தண்ணி கொண்டுபோனேன். இடது கையால் நீட்டினேன். அவ்வளவுதான்!

"கேம் வெளையாடுறது புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லு. இடது கையால குடுத்து அவமானப்படுத்தாத."

நான் கப்பைக் கீழே வைத்தேன். "என்னங்க, அந்தப் பிளேன் ஏன் ஒரு பக்கமா சாயுது?"

"வலது ரெக்கையில அடி. அதான் நான் இடது பக்கமா இழுத்துப் புடிச்சி..."

பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். முந்தானையை விலக்கினார்.

"ஐயோ புள்ள... இது எப்ப?"

"வியாழக்கெழம."

ஓடுபாதை திரையில் தெரிந்துகொண்டிருந்தது. விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீலர் பிடிக்க ஓடினார். பின்னால் விமானம் விழுந்து வெடித்த சத்தம் கேட்டது. மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எலும்பில் மெல்லிய கீறல். மூன்று வாரம் கட்டு.

நம் வீடுகளில் பல பேர் இன்னும் பழைய கேம்தான் — நடமாடிக்கொண்டிருந்தால் ஆள் முழுசாக இருப்பதாக நினைப்பு. டமார் என்றால்தான் ஓடி வருவார்கள். ஒழுகுவதை மூடிக்கொண்டே பறக்கிற என் மாதிரி ஆட்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

பி.கு: இதை நான் சொல்லச் சொல்ல எழுதியது அவர்தான். 'பழைய கேம்' வந்த இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.