காப்புக் கட்டிய பிறகு துக்கத்துக்குப் போனது

இதை எழுத நான் யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் நின்று பேசுகிற இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கவே கூச்சப்படுகிறவன். எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் திட்டுக்குள் கொரோனா எப்படி வந்தது என்று முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடியும் சேருகிற இடத்தில் நடுவே மேடாக நிற்பது எங்கள் திட்டு. நாற்பது வீடு, கொஞ்சம் வயல், வாழை, ஓர் அம்மன் கோயில். கோடையில் மணலில் நடந்தே வந்துவிடலாம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் படகுதான். அந்தப் படகை ஓட்டுகிறவன் நான். ஏறுகிறவர்கள் எல்லாரும் என் முகத்துக்கு நேராகத்தான் உட்காருவார்கள். அதனால் யார் வந்தார், யார் போனார் என்பது எனக்குத் தெரியாமல் இருக்காது.

கொரோனா வந்த முதல் வருஷம். ஊரெல்லாம் கோயில்கள் பூட்டிக் கிடந்தன. எங்கள் அம்மனுக்கு ஆடித் திருவிழாவை நிறுத்த வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். "போலீசு வரணும்னாலும் நம்ம படகுலதான வரணும்?" என்று பூசாரி சிரித்தார். எல்லாரும் சிரித்தோம்.

காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு எதிர்வீட்டு மருமகள் வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். மாமியார் தனியாக இருக்கிறாள் என்று இவள் மட்டும் பாஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மாமியாரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். படகில் கூட வந்த ஒருத்தி கேட்டாள்:

"ஏண்டி, திருப்பூர்லேருந்து என்னடி கொண்டாந்த?"

"உங்களுக்கு வேண்டியது எல்லாம் கொண்டாந்திருக்கேன் அத்தை, கொரோனாவைத் தவிர" என்றாள் அவள். அன்று அது வேடிக்கையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டு கோத்த கயிறு, எல்லா ஆம்பிளைகள் கையிலும். கட்டிவிட்டால் பத்து நாளைக்கு வெளியூரில் ராத் தங்கக்கூடாது, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. போனால் அம்மன் கோபம் ஊர் முழுக்கத் தாக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போய்விட்டுத் திரும்புவதில் தவறில்லை என்பதால் படகு மட்டும் ஓடியது.

இரண்டாம் நாள் காலை போன் வந்தது. பூதலூர் பக்கம் இருந்த என் தாய்மாமன் இறந்துவிட்டார். அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் அவர். நாலு நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல், ஹார்ட் என்றார்கள். நானும் ஹார்ட் என்றே எடுத்துக்கொண்டேன்.

"காப்பு கட்டியிருக்கு. போவாதீங்க" என்றாள் என் மனைவி.

போனேன். முழுக்கைச் சட்டை போட்டுக் கயிற்றை மறைத்துக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன், பாடையில் தோள் கொடுத்தேன். மத்தியானமே திரும்பிவிட்டேன். படகில் ஏறுவதற்கு முன் அக்கரையிலேயே ஆற்றில் இறங்கி மூன்று முறை முங்கினேன். சட்டை, வேட்டியையும் அலசிப் பிழிந்து கட்டிக்கொண்டேன். சாவு வீட்டுத் தீட்டு தலைமுழுகினால் போய்விடும் அல்லவா? அதோடு எல்லாம் போய்விட்டது என்று மனசார நம்பினேன். அதுதான் நான் செய்த தவறு.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. புதுத்தண்ணியில் முங்கியதால் வந்தது என்று சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் கூழ் ஊற்றுகிற நாள். வருஷா வருஷம் அகப்பை என் கையில்தான். மாத்திரை போட்டுக்கொண்டு போய் நின்றேன். அண்டாவுக்கு மேலே குனிந்து கலக்கி, இருமி, ஊற்றினேன். சொம்புகள் ஏழெட்டுதான் இருந்தன. ஒருவர் குடித்துவிட்டுக் கொடுப்பார், அடுத்தவர் அப்படியே நீட்டுவார். அக்கா இரண்டு சொம்பு குடித்தாள். "இந்த வருஷம் கூழு நல்லாருக்குடா தம்பி" என்றாள்.

அன்று சாயந்திரம் என் மனைவி, "ரசத்துல பெருங்காயம் போட்டேன், வாசனையே தெரியலை" என்றாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டி.வி.யில் கேட்டிருந்தோம். அதை இரண்டு பேரும் வெளியில் சொல்லவில்லை.

காப்பு அவிழ்த்து இரண்டு நாளில் பூசாரி படுத்தார். மறுநாள் அக்கா. பிறகு வரிசையாகப் பல வீடுகளில். ஊர் ஒரே முடிவுக்கு வந்தது. திருப்பூர்க்காரி கொண்டுவந்தாள் என்று. அடி பம்பில் அவள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போனால், கைப்பிடியை மஞ்சள் கரைத்த தண்ணீரால் கழுவினார்கள். "எல்லாம் கொண்டாந்திருக்கேன்னு அவளே வாயால சொன்னாளே" என்றாள், அன்று படகில் கேட்டவள்.

அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது படகுக்குத் தூக்கிவர யாரும் வரவில்லை. மருமகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா மேல் என் கை பட்டதும் மருமகள், "மாமா, நீங்க தொடாதீங்க. உங்களுக்கும் வந்துடப்போவுது" என்றாள். அக்கரை சேரும்வரை கழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கழித்து அக்கா இறந்தாள். உடம்பு ஊருக்கு வரவில்லை. மருமகள் காய்ச்சலோடு திரும்பி வந்து வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். "புருஷன் வந்து கூட்டிட்டுப் போவட்டும். இனிமே இந்த வாசல்ல அவளுக்கு என்ன இருக்கு?" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் சுகாதார நர்ஸ் வந்தார். துறையிலிருந்த பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர் தள்ளித் தள்ளி நின்றது. மருமகளும் முகத்தை மூடிக்கொண்டு வேலி ஓரம் நின்றாள்.

"முதல்ல காய்ச்சல் யாருக்கு வந்தது?"

எல்லாக் கையும் அவள் பக்கம் நீண்டது.

"உனக்கு எப்பம்மா வந்துச்சு?"

"ஆஸ்பத்திரியில அத்தையைப் பாத்துக்கிட்டப்போதான் சிஸ்டர். நாலு நாளாச்சு."

"பாஸ் தேதிப்படி திருப்பூர்லேருந்து வந்து மூணு வாரம் ஆயிடுச்சு, காய்ச்சல் நாலு நாளாத்தானா? அப்போ இந்தப் பொண்ணு எப்படிங்க கொண்டுவந்திருக்கும்?"

நான் முன்னால் போய் நின்றேன்.

"சிஸ்டர், முதல்ல வந்தது எனக்குத்தான். எங்க மாமா சாவுக்குப் போனேன். அப்புறம்தான் கூழ் ஊத்தினேன்."

பூசாரி குச்சியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "என்னைக்குப் போன?"

"காப்பு கட்டின ரெண்டாம் நாள்."

"அட பாவி. காப்போடவா சாவு வீட்டுக்குப் போன?"

அவர்கள் கேட்டது அது ஒன்றைத்தான். கூழைப் பற்றியோ சொம்பைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "அவன் அப்படியெல்லாம் போறவன் இல்லை. அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டுப் பொய் சொல்றான்" என்றது. அது நல்ல வழியாகப் பட்டிருக்க வேண்டும். பலர் தலையாட்டினார்கள். அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. இருக்கவும் கூடாது.

காய்ச்சல் இருந்தவர்களுக்கும் எனக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். கிளம்பும்போது நர்ஸ் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, உங்களுக்கு வந்து போய் ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இப்ப இல்லைன்னுதான் காட்டும். அதை வச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க." நான் அதை மற்றவர்களிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முடிவு வந்தது. எனக்கு இல்லை, மருமகளுக்கும் வேறு ஆறு பேருக்கும் உண்டு. "பாத்தியா, நான் சொல்லல?" என்று பம்படியில் பேசிக்கொண்டார்கள். ஏழு பேரையும் ஒரே படகில் ஏற்றினேன். ஆறு பேரை வழியனுப்ப அவரவர் வீட்டார் துறைக்கு வந்தார்கள். அந்த ஆறு பேரும் முன்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவள் பின்பக்கம், என் காலுக்குப் பக்கத்தில். அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்கரையில் நின்ற வேன் பத்தே முக்காலுக்குக் கிளம்பியது.