பெயின்டருக்குப் பசிக்கவில்லை

வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற அந்த மனிதரைக் கூட வேலை செய்பவர்கள் குதிரை என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம், அவர் சாப்பிடுகிற லட்சணம். ஏணியில் நின்றபடியே பொட்டலத்தைப் பிரிப்பார், நாலு வாயில் முடிப்பார், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிரஷ்ஷை எடுத்துவிடுவார். கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வயிறுதான் அவர் காலை வாரிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தார். குடலில் ஓட்டை என்றார்கள். அன்றைக்கே வயிற்றைத் திறந்து அடைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது, தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்கும் நீளத் தையலும், தன் உடம்பே தனக்குப் பழக்கமில்லாதது போன்ற நடையுமாக இருந்தார்.

மனைவி இறந்த பிறகு தனி அறையில் இருந்தவர். இப்போது மகன் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. மகன் லாரி ஓட்டுபவன். சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்பப் பல நாளாகும். ஆக, வீட்டில் அவரும் மருமகளும் மட்டும். மருமகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். லீவு போட்டுவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டாள். அதுவரை அவர்கள் இருவரும் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டுக்குத் தேறாது.

டாக்டர் சொன்னதை அவள் அப்படியே செய்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. குழைந்த சோறு, நன்றாக வெந்த பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன், தயிர். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கட்டில் பக்கத்தில் வைப்பாள். தட்டு பாதி காலியாகித் திரும்பி வரும். சில நாள் அதுவும் இல்லை.

"இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க மாமா."

"பசிக்கலம்மா."

அவள் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் அடுக்களைக்குள் போனதும் முட்டையையும் மீனையும் ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிடுவார். கீழே சன்ஷேடில் ஒரு பூனை குடியிருந்தது. அவர் இளைக்க இளைக்க அது பெருத்துக்கொண்டே வந்தது. தட்டு காலியாக வருகிறதே என்று மருமகளுக்கும் சந்தோஷம்.

ஆனால் கன்னம் ஒட்டிப்போனதை எந்த ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடுவது? அவரைப் பார்க்க வந்த அக்கா, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுக்களைக்குக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"என்னடா தம்பி இது, காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கு! வேளா வேளைக்கு ஏதாச்சும் போடறாளா, இல்லையா?"

"அதெல்லாம் போடுதுக்கா" என்று முனகினார். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அக்கா போன பிறகு குளியலறையில் குழாய் வெகுநேரம் திறந்திருந்தது. சுவர் மெல்லிய சுவர். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவள் விசும்புவதும் அவருக்குக் கேட்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

கட்டு மாற்றப் போன நாளில் குட்டு வெளிப்பட்டது. தையலின் கீழ் முனை வாய் பிளந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அனுபவப்பட்டவர். புண்ணைப் பார்த்தார், எடை பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். மருமகளை ஒரு மருந்து வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வீட்ல நல்லா கவனிக்கிறாங்கன்னு அந்தப் பொண்ணப் பார்த்தாலே தெரியுது. அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க?"

"பசிக்கலீங்க."

"வெளிக்குப் போறீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தார். அங்கே பெயின்ட் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். மகன் வீட்டுக் கழிப்பறையில் குந்தித்தான் உட்கார வேண்டும். வந்த மறுநாள் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தையல் பிய்ந்துவிடும் போல இழுத்தது. வேறு வழியில்லாமல் குரல் கொடுத்தார். மருமகள்தான் ஓடிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டாள்.

"அன்னைக்கே என் மானம் போயிடுச்சுங்க. உள்ள போனாத்தானே வெளிய வரும்? அதான் உள்ள போறத நிறுத்திட்டேன்."

நர்ஸ் சிரிக்கவில்லை. "பட்டினி கெடந்தா மலச்சிக்கல் இன்னும் கூடத்தான் செய்யும். வலி மாத்திரையே கட்டும், அதுக்கு டாக்டர்கிட்ட மருந்து எழுதி வாங்கித் தரேன். தண்ணி நிறைய குடிங்க. தைக்கிறது எங்க வேலைங்க, ஆனா ஒட்ட வைக்கிறது சாப்பாடுதான். ஈரச் சுவத்துல அடிச்ச பெயின்ட் நிக்குமா? வீட்ல வாயத் தெறந்து சொல்லுங்க, உக்கார ஒரு வசதி பண்ணுவாங்க."

"மருமககிட்ட எப்படிங்க சொல்றது?"

"நான் உங்ககிட்ட கேட்டேன்ல, அப்படித்தான்."

அவரால் அது முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன்னோடு வேலை பார்க்கும் டப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். பெயின்ட் டப்பா தூக்கித் தூக்கி வந்த பெயர் அது. ஆள் உண்மையில் ஓட்டை வாய். சாயங்காலமே, நடுவில் வட்டமாக அறுத்த ஒரு மரநாற்காலி, ஒரு இரும்புக் கைப்பிடி, டிரில் மெஷின் சகிதம் வந்து நின்றான்.

"என்னண்ணே இதெல்லாம்?" என்றாள் மருமகள்.

"குதிரைக்கு இருக்கைம்மா. நீ தூக்கிவிட வேண்டியிருக்கேன்னு கூச்சப்பட்டுக்கிட்டு மனுஷன் சோத்தையே விட்டுட்டாராம். முட்டை எல்லாம் பூனைக்குத்தான் போகுதாம்!"

மருமகள் விறுவிறுவென்று அவர் அறைக்குள் வந்தாள்.

"இதுக்கா மாமா? நான் பொங்கறது வாயில வைக்க விளங்கலையோன்னு நான் ஒவ்வொரு நாளும் செத்தேன். பெரியத்தை வேற அப்படிக் கேட்டுட்டுப் போறாங்க. எதுன்னாலும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவளுக்குக் கோபம் வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, இவளும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, இந்தப் பொண்ணு ஒரு குறையும் வைக்கல. நான்தான் திங்காம பூனைக்குப் போட்டேன். நீ கேட்டது தப்பு. நான் வாய மூடிக்கிட்டு இருந்தது அதவிடத் தப்பு."

"அடப்பாவி" என்றாள் அக்கா. "போனை அவகிட்ட குடு." மருமகள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

அன்று ராத்திரி மருமகளும் ஒரு தட்டோடு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் முதல் கவளத்தை எடுத்து மென்றார். இன்னொன்று எடுத்தார். பாதித் தட்டில் நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மிதான்."

"அப்பாடா, இன்னைக்காவது நெசம் பேசுறீங்களே" என்று உப்பை நகர்த்தினாள்.

பிளந்த இடம் ஒரே நாளில் மூடிவிடவில்லை. அடியிலிருந்து மெதுவாகச் சதை ஏறி வந்தது. நாற்காலியும் கைப்பிடியும் இருந்ததால் அவர் யாரையும் கூப்பிடாமல் போனார், வந்தார். நர்ஸ் எடை பார்க்கும்போதெல்லாம் முள் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்ந்தது. ஜன்னலுக்குக் கீழே பூனை சில நாள் கத்திப் பார்த்துவிட்டு வேறு வீடு தேடிப் போனது.

மருமகளின் லீவு முடிந்தது. ஏணி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று அவருக்கு இன்னும் தடை இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல், கரண்டி ஒன்றும் கனமில்லையே என்று சாயங்காலச் சமையலை அவர் எடுத்துக்கொண்டார். முதல் நாள் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அன்று பார்த்து மகன் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். ஒரு வாய் வைத்தான். அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கறீங்களா?"

"பேசாம சாப்பிடுடா" என்றார் அவர். "நாளைக்கு மீன்."