காதுக்கு ஏற்ற ஊர்: ஹம்மிலிருந்து இங்கிலாந்தின் தென்கரைக்கு நாலு நாள்

ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போகலாமா, போனால் லண்டன் பக்கம் தலைவைக்காமல் தெற்கே ஒரு கிராமத்தில் குடியேறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெளிவான பதிலை எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். போகும்போது இருந்ததைவிடக் கூடக் குழம்பித்தான் திரும்பி வந்திருக்கிறேன். ஆனாலும் நேரம், தூரம், செலவு எல்லாம் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். அதுவாவது உங்களுக்கு உதவட்டும்.

நாங்கள் பதினேழு வருடங்களாக ஜெர்மனியின் ஹம் நகரத்தில் இருக்கிறோம். நான் முதியோர் இல்லத்தில் வேலை. என் கணவர் இரும்புத் தகடு அமுக்கும் தொழிற்சாலையில். மகள் துளசிக்குப் பதினான்கு வயது. போன வருடம், 2006இல், எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. அது இருந்தால் இங்கிலாந்தில் விசா இல்லாமல் குடியேறலாம் என்பதால், பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை லண்டனுக்குப் போவது. எங்களுக்குத் தெரிந்த ஏழு குடும்பங்கள் போய்விட்டன. துளசி ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. தென்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் அக்டோபரிலிருந்து வேலை தருவதாகவும் சொல்லிவிட்டார்கள்.

லண்டன் வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் என் கணவரின் இடது காது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அதில் ஓர் இரைச்சல் தொடங்கியது. இன்றுவரை நிற்கவில்லை. இரவில் மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டால் பெரிய காரியம். பகிடி விட்டுக்கொண்டு திரிந்த மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆளாகிவிட்டார். தகடு அமுக்கும் மெஷினுக்குக் கிட்ட இனி நிற்கக் கூடாது என்றார் காது டொக்டர். தொழிற்சாலையில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். மிச்சத்தை நானே தீர்மானித்தேன். சத்தத்தால் வந்த வருத்தம் அமைதியால்தான் போகும் என்று. வீட்டில் டிவிக்குச் சத்தம் கிடையாது, துளசியின் சிநேகிதிகள் வருவது கிடையாது. கதவை அடித்துச் சாத்தினால் நான் முறைக்கிற முறைப்பில் பிள்ளை அறைக்குள் போய்விடுவாள்.

செப்டம்பர் கடைசியில் இந்த வீட்டை விடுவதென்றால் ஜூலை நாலாம் திகதிக்குள் வீட்டுக்காரரின் கையில் கடிதம் இருக்க வேண்டும். மூன்று மாத முன்னறிவித்தல், இந்த நாட்டுச் சட்டம். ஆகவே அதற்குள் ஊரைத் தெரிவு செய்தாக வேண்டும். ஜூன் நடுவில் நாலு நாள் லீவு எடுத்தோம்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். ஹம்மிலிருந்து ஒல்லாந்து, பெல்ஜியம் ஊடாகக் கலே துறைமுகம் வரை கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர். வழியில் அரை மணித்தியாலம் நிறுத்திப் புட்டும் இடிச்ச சம்பலும் சாப்பிட்டோம். பத்தரைக்குக் கலே. காருக்கும் மூன்று பேருக்கும் போகவர 84 யூரோ, முன்கூட்டியே பதிந்ததால் அந்த விலை. கப்பல் 11.40க்கு, தொண்ணூறு நிமிடப் பயணம். இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும், மறக்காதீர்கள். எங்கள் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், அங்கே ஓடுவதும் இடப்பக்கம். முந்துவதென்றால் வலப்பக்கம் இருக்கிற ஆள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. முதல் ஒரு மணித்தியாலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரை நகரத்தில் மூன்று பேருக்கும் ஓர் அறை, காலைச் சாப்பாட்டோடு 58 பவுண்ட். அங்கிருந்து லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆடு மாடு பாக்கவோ ஜெர்மனியிலையிருந்து வாறியள்?" என்றார். "ஒரு தமிழ்க் கடை இல்லை, கோயில் இல்லை. கறிவேப்பிலைக்கு ரயில் எடுத்தெல்லோ வரவேணும். பேசாமல் லண்டனுக்கு வாங்கோ."

"இவருக்குக் காது ஏலாது அண்ணை. அமைதியான இடம் வேணும்."

"அமைதி எண்டு போய் விசர் பிடிக்காட்டிச் சரி."

வீடு காட்டும் தரகர் அலுவலகத்தில் இருந்த பெண்ணோ, கிராமம் என்றால் ரயில் நிலையம் உள்ளதா, இல்லாததா, கடை உள்ளதா, இல்லாததா என்று கேட்டுக்கொண்டே போனாள். தூரமெல்லாம் மைலில். ஜெர்மனியில் வீடு மாறினால் நகர அலுவலகத்தில் பதிவது கட்டாயம், ஆகவே குடியேறியதும் எந்த அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும் என்று கேட்டேன். எதைப் பதிய வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நாங்கள் வந்துவிட்டோம் என்பதைத்தான் என்றேன். அப்படி ஒன்றும் இல்லையாம். வந்து இருந்துவிட்டுப் போகலாமாம். ஒரு மனிதர் எங்கே குடியிருக்கிறார் என்று எவருக்கும் தெரியாமல் ஒரு நாடு எப்படித்தான் நடக்கிறதோ, எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அவள் இரண்டு ஊர்களில் இரண்டு வீடுகளுக்கு முகவரி தந்தாள். நான் வேலை செய்யப்போகும் இடத்துக்கு ஒன்று ஒன்பது மைல், மற்றது பதினாலு மைல்.

ஞாயிறு காலை பத்தரைக்கு முதலாவது ஊருக்குப் போனோம். மூன்று அறை வீடு, மாதம் 750 பவுண்ட். துளசியின் பள்ளிக்கூடத்துக்கு வாசலிலிருந்தே பஸ். வீட்டைப் பார்த்து முடித்ததும் என்னுடைய சோதனையைத் தொடங்கினேன். ஜெர்மனியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்கும். ஒரு தெரு எப்படிப்பட்டது என்று அறிய ஞாயிற்றுக்கிழமைதான் போய் நிற்க வேண்டும். ஹம்மில் ஞாயிறென்றால் புல் வெட்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வெறும் போத்தலைத் தொட்டியில் போடக் கூடாது. ஒருமுறை ஞாயிறு காலை சம்பலுக்குத் தேங்காய் அரைத்ததற்கு மேல்வீட்டு அம்மா துண்டு எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையே சத்தம் போடுகிற ஊர் மற்ற நாட்களில் என்ன செய்யாது, இதுதான் என் கணக்கு.

இவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் கொப்பியோடு தெருவில் நடந்தேன். பத்தே முக்காலுக்கு முதலாவது புல்வெட்டும் மெஷின். பதினொன்றுக்குள் நாலு மெஷின்கள். தேவாலய மணி ஒருமுறை அடித்து ஓய்கிற மணி இல்லை, பலபேர் கயிற்றைப் பிடித்து மாறி மாறி இழுத்து முக்கால் மணித்தியாலம் அடித்தார்கள். ஒருவர் கூரையில் ஏறி நின்று சுத்தியலால் அடித்தார். ஒரு மணிவரை எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி, ஊரின் பெயருக்குக் குறுக்கே இரண்டு கோடு இழுத்தேன். அப்பாவை எழுப்பட்டோ என்று துளசி கேட்டாள். கண் மூடிக் கிடந்தவரைச் சத்தம் தாங்காமல் மூடிக்கொண்டு கிடக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பாவம் என்று உடனே காரை எடுக்கச் சொன்னேன்.

இரண்டாவது ஊரில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம், இரவுக்கு 62 பவுண்ட், இரண்டு இரவு. கடை இல்லை, மணி இல்லை, தெருவிளக்கும் இல்லை. திங்கள் முழுவதும் கொப்பியில் நான் எழுதியது ஒரே வரி: பதினொன்று இருபதுக்கு ஒரு டிராக்டர், தூரத்தில். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பஸ் ஒரு நாளைக்கு இரண்டே முறை, துளசி முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள், அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. செவ்வாய் காலை தரகர் அலுவலகத்துக்குப் போய், அவள் முகவரி தந்த இந்த ஊர் வீட்டை எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறுவது என்று திட்டம்.

செவ்வாய் காலை இவரைப் பார்த்தால் கண் இரண்டும் சிவந்து, இரண்டு நாளில் இரண்டு வயது கூடிய முகம். புது இடம் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிரதான வீதியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். காசு வாங்க நின்றவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் கார் நம்பரைப் பார்த்துவிட்டு அவராகவே கதைக்கத் தொடங்கினார். வீடு பார்க்க வந்ததையும், முதலாவது ஊரின் ஆக்கினையையும் சொன்னேன்.

"ஞாயிற்றுக்கிழமையோ அக்கா போய்ப் பாத்தனீங்கள்?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமைதானே ஒரு ஊரின்ரை அமைதி தெரியும்."

அவர் சிரித்தார். "அது உங்கடை ஜெர்மனியிலை. இஞ்சை கிழமை முழுக்க வேலைக்குப் போறவை ஞாயிறுதான் புல்லு வெட்டுறவை, ஆணி அடிக்கிறவை. இப்ப போய்ப் பாருங்கோ, காகம் கத்தினால் உண்டு."

ஜெர்மன் அளவுகோலைக் கொண்டுபோய் இங்கிலாந்தை அளந்திருக்கிறேன். காருக்கு வந்து இதைச் சொன்னதும் இவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "அந்த ஊரிலைதான் நான் நித்திரை கொண்டனான்" என்றார்.

"எப்ப?"

"காருக்குள்ளை. நீர் கொப்பியோடை நிக்கேக்கை. ரண்டு மணித்தியாலம். அப்பிடி ஒரு நித்திரை கொண்டு எத்தினை மாசம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் ஊரை வெட்டிப்போட்டீரே."

உடனே காரைத் திருப்பச் சொன்னேன். ஆறு மைல். பத்து மணிக்கு அந்தத் தெருவில் நின்றோம். அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஒரு சத்தம் இல்லை. இவர் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஐந்து நிமிடம் அப்படியே இருந்தார்.

"இப்ப எப்பிடி?" என்றேன்.

"இரையுது. நேற்று இரவு மாதிரியே."

எனக்கு வந்ததே கோபம். "சத்தமும் ஏலாது, சத்தமில்லாட்டியும் ஏலாது எண்டால் நான் எந்த ஊரைத் தேடுறது? என்னதான் வேணும் உங்களுக்கு? உங்களுக்கு எண்டுதானே நாய் மாதிரி அலையிறன்."

"நான் எப்ப அமைதி கேட்டனான்?" என்றார் இவர்.

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்கவே இல்லை. டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு இவர் கதைத்தார். இரண்டு வருடத்தில் அந்த இரைச்சலைப் பற்றி இவர் வாய் திறந்து கதைத்தது அதுதான் முதல்முறை. நான் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன், கூடக் குறைய என்றிருக்கிறார், அவ்வளவுதான். பிரஷர் குக்கர் விசில் அடிக்க முன்பு ஒரு சத்தம் வருமே, அது மாதிரியாம். நிற்காமல்.

"வெளியிலை ஏதும் சத்தம் இருந்தால் இது அதுக்குள்ளை அமந்துபோகும். ஒண்டும் இல்லாட்டி இது மட்டும்தான். வீட்டிலையும் அப்பிடித்தான். ரண்டு வருசமா ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை. இது மட்டும் என்னோடை இருக்குது."

பின்சீட்டிலிருந்து துளசி, "அம்மாதான் அப்பாவுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டவ" என்றாள். பிள்ளை குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எத்தனை முறை அவள் அப்பாவிடம் ஏதோ சொல்ல ஓடிவந்து, நான் வாயில் விரலை வைத்ததைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பாள். நோயாளிகளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அந்தத் தெருவிலேயே பன்னிரண்டு மணி தாண்டும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். கதைத்துக்கொண்டிருக்கும்போது இரைச்சல் தெரியவில்லை என்றார். தரகர் அலுவலகத்துக்குப் போகவில்லை. இரண்டு மணிக் கப்பலைத் தவறவிட்டு, மேலதிகமாக 20 பவுண்ட் கட்டி அடுத்ததில் ஏறினோம்.

இனிப் போகிறவர்களுக்கு. கப்பலை நேரம் மாற்றக்கூடிய சீட்டாக எடுங்கள், விலை கொஞ்சம் கூட என்றாலும். பார்க்கிற ஊரை ஒரு ஞாயிறும் ஒரு வேலை நாளும் பாருங்கள், ஒரு நாளை நம்பாதீர்கள். பள்ளிக்கூட பஸ்ஸின் நேர அட்டவணையைக் கையோடு வாங்குங்கள். வாடகை தவிர நகரசபைக்கு மாத வரி உண்டு, அது ஊருக்கு ஊர் வேறு. மூன்று பேருக்கும் உணவு, பெற்றோல், தங்குமிடம், கப்பல் எல்லாமாக எங்களுக்கு 560 யூரோ முடிந்தது. எந்த ஊர் நல்லது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். லண்டனில் அண்ணை வீட்டுக்குப் பக்கத்திலா, அந்த மணி அடிக்கிற ஊரிலா, இல்லை ஹம்மிலேயே கிடப்பதா, ஒன்றும் விளங்கவில்லை. காது டொக்டரிடம் இந்த முறை நானும் கூடப்போய் வாயைத் திறந்து கேட்கப்போகிறேன், வியாழக்கிழமைக்கு டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது பின்னேரம் நாலு மணி. துளசியும் இரண்டு சிநேகிதிகளும் டிவியைப் பெரிதாகப் போட்டுவிட்டு அதற்கு மேலால் கத்திக் கதைக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் சோபாவில் இவர் ஒன்றரை மணித்தியாலமாக நித்திரை. வீட்டுக்காரருக்கான கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் மிச்சம், நாலாம் திகதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. போவதா, போனால் எந்த ஊர் என்று இந்த முறை இவரைத்தான் கேட்கப்போகிறேன். எழும்பட்டும்.