ஃபாலனிகோவின் வாய்

ஃபாலனிகோவை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் அவன் முன்னால் ஓடுபவன், நான் கோல்கீப்பர். பந்து அவன் காலுக்குப் போனால் போனதுதான். இன்னொருவனுக்குத் தள்ளிவிட்டான் என்ற சேதியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் ஆப்பியாவில், இன்சூரன்ஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை. புயலுக்குக் கூரை பறந்தால் எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுக்காமல் இருப்பது என்று சுவா, நூமியா, போர்ட் விலா என்று பக்கத்துத் தீவுகளின் ஊர்களுக்கெல்லாம் பறந்து பறந்து பேசுவான். ஒவ்வொரு பயணமும் முடிந்து வரும்போது ஒரு புது வித்தை கொண்டுவருவான். கையை எப்படி விரிப்பது, எங்கே நிறுத்தி மூச்சு விடுவது, கூட்டத்தில் ஒருத்தியின் கண்ணை மட்டும் எப்படிப் பார்ப்பது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டும்.

அவன் மாமா செத்ததும் குடும்பம் கூடி அவருடைய பேச்சாளர் பட்டத்தை இவனுக்குக் கட்டியது. ஞானம் பார்த்துக் கட்டவில்லை, சம்பளம் பார்த்துக் கட்டியது. சாவுக்கும் தேவாலயத்துக்கும் பன்றி வாங்கித்தர ஒருவன் வேண்டுமே! ஆனால் பட்டம் வந்துவிட்டால் ஊர் சார்பில் எழுந்து பேசும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வருஷம் எங்கள் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரணியின் ஊர் சவாயித் தீவில். என் முழங்கால் ஏற்கெனவே போய்விட்டது, வைத்தியர் அந்த சீசனோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து வலைக்கு முன்னால் நிற்கிறேன், ஒரு இறுதிப் போட்டியில்கூட நின்றதில்லை. இந்த ஒன்றில் நின்றுவிட வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

கப்பலேறி, சலேலோலோங்காவில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். ஆட்டம் மதியத்துக்கு மேல். காலையில் வரவேற்பு, ஆவா என்ற வேர்ச்சாறு குடிப்பது, பிறகு பேச்சு. அவர்கள் பேசி முடித்தால் நம் பக்கம் பதில் சொல்ல வேண்டும். எங்களோடு வந்த பட்டக்காரர்கள் இரண்டே பேர்: கிழட்டுப் பேச்சாளர் பாலேபோய், அப்புறம் இவன்.

யார் பேசுவது என்று வந்தவர்கள் தங்களுக்குள் வாதாடுவது முறை. "நீங்க பேசுங்க" என்று பெரியவர் சொல்வார். "ஐயோ, உங்க வாய் இருக்கும்போது நானா?" என்று சின்னவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசியில் யார் பேசுவார் என்பது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எல்லோருக்கும் தெரியும்.

பாலேபோய் தடியை ஊன்றிக்கொண்டு, "ஃபாலனிகோ, இன்னைக்கு நீங்க பேசுங்களேன்" என்றார்.

"ரொம்ப நன்றி ஐயா" என்று சொல்லி எழுந்துவிட்டான் இந்தப் பயல்.

பாலேபோயின் வாய் திறந்தபடியே நின்றது. பல்செட் விழுந்துவிடுமோ என்று பயந்தேன்.

விருந்தாளி முதலில் அந்த ஊர்த் தலைவர்களின் பட்டப் பெயர்களை வரிசை தப்பாமல் சொல்லித் தலைவணங்க வேண்டும். இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பெயர்களில் ஆரம்பித்தால் கூட்டம் தூங்கிவிடும், முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்று சுவாவில் யாரோ இவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் நிற்கவும் இல்லை. பாய்கள் மேல் இங்கும் அங்கும் நடந்தான். கைகளை விரித்தான்.

"இங்க எத்தனை பேர் வாழ்க்கையில ஒரு தடவையாவது தோத்திருக்கீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்!"

ஒரு கையும் எழவில்லை. பெருந்தலைவர் துஃபுங்கா நடுத்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தன் பெயர் வரும் வரும் என்று பேச்சு முடியும்வரை காத்திருந்தார். வரவில்லை. நல்ல பேச்சென்றால் நடுநடுவே "மாலியே!" என்று சபை குரல் கொடுக்கும். அன்று ஒரு கோழி மட்டும்தான் குரல் கொடுத்தது.

நாங்கள் வெளியே வரும்போது அந்த ஊர் இளைஞர்கள் மைதானத்தில் கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபாலனிகோவின் கழுத்தை நெரித்திருப்பேன்.

"ஓப்பனிங் நல்லாத்தானே இருந்துச்சு, பெனி?" என்று என்னிடமே வந்து கேட்டான்.

"உன் ஓப்பனிங்ல இடி விழ. போய் மன்னிப்புக் கேளுடா."

மன்னிப்புக்கும் முறை இருக்கிறது. தப்பு செய்தவர்கள் பாயால் தலையை மூடிக்கொண்டு அவமானப்பட்டவர் வீட்டு முன்னால் உட்கார வேண்டும். பேசக் கூடாது. அவர் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் உதைபட்டுத் திரும்ப வேண்டியதுதான். விடியற்காலையில் செய்கிற காரியம். எங்களுக்கு நேரமில்லை, உச்சி வெயிலில் செய்தோம். அந்த ஊருக்குப் பரிசாகக் கொண்டுவந்த மெல்லிய பாயே போர்வையானது. ஊர் மானம் என்பதால் பாலேபோயும் அவனோடு உட்கார வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பாய். நாங்கள் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் பாய் சும்மா இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மூச்சு முட்டுது."

"வாயை மூடு, முட்டாது."

"நீங்கதானே பேசச் சொன்னீங்க!"

"சொன்னா எடுத்துக்குவியா? வழியில போறவனை எல்லாம் சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறோம். அத்தனை பேரும் வந்து உக்காந்தா வீடு தாங்குமாடா?"

"கொடுக்க இஷ்டமில்லன்னா ஏன் கொடுக்கணும்?"

"மரியாதைக்குடா, இன்சூரன்ஸ்காரா! நீ மட்டும் கொடுக்குறேன்னு சொன்னதை எல்லாம் கொடுத்துடுறியா?"

பாய்க்குள் ஒரு முழங்கை போனது, இன்னொரு முழங்கை திரும்பி வந்தது. எங்கள் பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். நான் தலையைத் தூக்கவில்லை, என் ஆட்டம் இந்தப் பாயோடு போகிறதே என்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

துஃபுங்கா எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது. தலைக்கு மேலே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். அவர் தொப்பை குலுங்குவதைத்தான் முதலில் பார்த்தேன். பாயை விலக்கினார். இரண்டு பேரும் வியர்வையில் நனைந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி இருந்தார்கள்.

"சரி. யார் பேசப் போறீங்க?" என்றார்.

பாலேபோய் நிமிர்ந்தார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு விஷம்.

"ஃபாலனிகோ பேசட்டும்."

ஃபாலனிகோ வாயைத் திறந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. பின்னாலிருந்து காலை நீட்டி அவன் குதிகாலை மிதித்தேன், கோல்கீப்பர் பூட்ஸோடு.

"நீங்களே... பேசுங்க ஐயா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

கிழவர் பேசினார். துஃபுங்காவின் பெயரில் தொடங்கி, ஒரு பட்டம் விடாமல், ஒரு படி தவறாமல் சொன்னார். "மாலியே! மாலியே!" என்று வீடே அதிர்ந்தது. இளைஞர்கள் வலையைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

ஆடினோம். கடைசி நிமிஷம்வரை சமம். ஃபாலனிகோவிடம் பந்து, பக்கத்தில் எங்கள் ஆள் தனியாக நின்று கத்துகிறான். இவன் தானே அடித்தான். பந்து பலாமரத்தில் மாட்டிக்கொண்டது. வேறு பந்து வந்தது, அடுத்த நொடி எங்கள் பக்கம் வந்தது, என் முழங்காலுக்குக் கீழே புகுந்து உள்ளே போனது. வலை அசைந்தது. அழுதேன். ஆனாலும் நின்றுவிட்டேன், அது போதும் என்றிருந்தது.

சில மாதம் கழித்து சுவாவில் அவன் பேசிய வீடியோ ஒன்று என் போனுக்கு வந்தது. பணிவைப் பற்றிய பேச்சு. பாலேபோய் வீட்டுக்குப் போய் அவருக்கும் காட்டினேன். அதே நடை, அதே கை. அவன் சொன்ன கதையில் பாய்க்குள் அவன் ஒருவன்தான் இருந்தான். பாய் விலகியதும் எழுந்து பெயர்களைச் சொன்னதும் அவன்தான். "அன்று நாங்கள் ஜெயித்தோம், என் கடைசி நிமிஷப் பாஸில்" என்று முடித்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பாலேபோய் போனை என் கையில் திருப்பி வைத்தார்.

"என் பேச்சை எடுத்துக்கிட்டான், போகட்டும்" என்றார். "உன் தோல்வியையுமாடா எடுத்துக்கிட்டான்?"